ஓரியூர் மண்ணும் ஆத்தங்குடிக் கல்லும்

கேள்வி:
பிப்ரவரி 4, கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள். அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) என்னைச் சிந்தனை வழங்கச் சொல்லிவிட்டார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவன் நான். நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார் என்பதற்கு மேல் என்ன சொல்வது?

பதில்:
அண்ணே, லிஸ்பனில் பிரபு வீட்டில் பிறந்தவர், இங்கே காவி கட்டிப் புலால் துறந்து வாழ்ந்தார். அதைச் சொல்லுங்கள். சாவையே கேட்டு அலுத்துவிட்டது.

பதில்:
தம்பி, உன் தொழிலைச் சொல். கண்ணாடிமேல் சாயம் ஊற்றுகிறாய். அதன்மேல் மணலும் சிமெண்டும். பூவெல்லாம் குப்புறக் கிடக்கிறது. சூளையும் கிடையாது, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. அவர் வாழ்வும் அப்படித்தான், அழகு வெளியே தெரியாமல் மெல்ல இறுகியது.

கேட்டவர்:
தினமும் செய்கிறேன், தோன்றவே இல்லை அண்ணே! நேற்று ஒரு கல் கண்ணாடியோடு உடைந்துபோனது. அதையும் சொல்லிவிடவா?