கலைச்சொல் வேண்டும்: மேலே நிலம் ஒருவருக்கு, அடியில் எண்ணெய் இன்னொருவருக்கு

கோவையிலிருந்து:

கலைச்சொல் குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு இயலை முடித்துப் பதிப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும், அதனால் இந்த அவசர மடல். இளநிலை புவியியல் மாணவர்களுக்கான நூல். இயல், அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் இருக்கும் பாக்கன் எண்ணெய்ப் படிவம் பற்றியது. பாறை, துளைமை, கிடைமட்டக் கிணறு எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பகுதியில்தான் நிற்கிறேன். அங்கே மினரல் ரைட்ஸ், அதாவது நிலத்துக்கு அடியில் உள்ள எண்ணெய், வாயு போன்றவற்றின் உரிமை, வைத்திருக்கும் குடும்பங்கள், தங்கள் வட்டாரத்தில் யார் குத்தகை எடுக்கிறார்கள், எந்தக் கம்பெனி துளையிட அனுமதி கேட்டிருக்கிறது, ரிக் என்னும் துளையிடும் இயந்திரம் எங்கே வந்து நிற்கிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பதைப் பற்றிய பகுதி அது.

அங்கே மேற்பரப்பு ஒருவர் சொத்து, அடியில் உள்ள எண்ணெயும் வாயுவும் இன்னொருவர் சொத்து என்று இருக்கலாம். 1916 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒன்றில் கால்நடை வளர்க்க நிலம் கொடுத்தபோதே கனிமத்தை மத்திய அரசு தன்னிடம் நிறுத்திக்கொண்டது. 1930களில் பண்ணைகள் கடனில் மூழ்கியபோது, அவற்றை எடுத்து மறுபடி விற்ற வங்கிகளும் கனிமத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டன. இப்படிப் பிரிந்தது பேரன் பேத்தி வரைக்கும் இன்னும் பிரிந்துகொண்டே வருகிறது.

நான் இப்போதைக்கு "கனிம உரிமை" என்று போட்டிருக்கிறேன். இரண்டு சிக்கல். ஒரு வாக்கியத்தில் "கனிம உரிமையின் உரிமையாளர்கள் தங்கள் உரிமையை" என்று வந்து நிற்கிறது. அடுத்தது, நம் ஊரில் மாணவர்கள் செய்தித்தாளில் பார்ப்பது "குவாரி உரிமம்". உரிமை, உரிமம் இரண்டுக்கும் கடைசி ஒலியில்தான் வேறுபாடு, பொருளோ நேர் எதிர். உரிமம் அரசு கொடுப்பது. இது தாத்தா விட்டுப்போன சொத்து. நல்ல சொல் சொல்லுங்கள்.

மிட்லண்ட், டெக்சஸிலிருந்து:

அக்கா, நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் முதலில் நடப்பைச் சொல்லிவிடுகிறேன், சொல் அப்புறம்.

குத்தகை கேட்டு வருபவரை இங்கே லேண்ட்மேன் என்பார்கள். கையெழுத்துப் போட்டால் ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்பணம், அது போனஸ். முதல் தவணை பெரும்பாலும் 3 வருடம். அதற்குள் கிணறு தோண்டவில்லை என்றால் குத்தகை முடிந்தது, உரிமை திரும்பிவிடும். எண்ணெய் வந்துவிட்டால், அது லாபகரமாக வந்துகொண்டிருக்கும் வரைக்கும் குத்தகை முடியாது, 40 வருடம் ஆனாலும். வரும் எண்ணெயில் உரிமைக்காரருக்குக் கிடைக்கும் பங்கு ராயல்டி, பழைய காலத்தில் எட்டில் ஒன்று, இப்போது பதினாறில் மூன்று, நாலில் ஒன்று என்று போகும்.

அதனால்தான் அக்கம்பக்கத்தைக் கவனிக்கிறார்கள். குத்தகைச் சுருக்கம் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ஆபீசில் பதிவாகும், ஆனால் அதில் முன்பணம் எவ்வளவு என்று இருக்காது. பக்கத்துப் பிரிவில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வட டக்கோட்டாவில் புதுக் கிணற்றின் விவரத்தை 6 மாதம் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு இடமுண்டு. அந்த 6 மாதத்தில் எதிர்வீட்டுக்காரர் விவரம் தெரியாமல் விற்றுவிட்டுப் போவதும் உண்டு. எனக்கு இது வயிற்றெரிச்சலான விஷயம், அதனால்தான் உங்கள் பாடத்தில் இந்தப் பகுதி தெளிவாக வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

சொல்லைப் பொறுத்தவரை "கனிம உரிமை" போதும். டெக்சஸில் எண்ணெயை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பெயர் ரயில்ரோடு கமிஷன், 1891 இல் ரயிலுக்காக ஆரம்பித்தது. துளையிடும் அனுமதி அங்கேதான் வாங்க வேண்டும். பெயரைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. புழங்கினால் சொல் பழகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு. புதுச் சொல்லுக்கு ஏன் அலைகிறீர்கள் என்று தெரியவில்லை. சோழர் கல்வெட்டுகளில் நிலக்கொடை எழுதும்போது "மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்" என்று வரும், அடுத்து "உடும்போடி ஆமை தவழ்ந்ததெல்லாம்" என்று போகும். நிலத்துக்கு மேலே என்ன, கீழே என்ன என்று நம் ஆட்கள் அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிற்காலச் சாசனங்களில் நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் என்று எட்டுப் போகங்கள், அதாவது அனுபவ உரிமைகள், வரும். இதில் நிதி புதையல், பாடாணம் கல். நிலத்தை விற்கும்போது இந்த எட்டையும் சேர்த்தே விற்றார்கள் என்றால், எட்டும் தனித்தனியானவை என்ற எண்ணம் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஆகவே என் முன்மொழிவு: மேல்நோக்குரிமை, கீழ்நோக்குரிமை. குற்றியலுகரம் உயிர் முன் கெட்டு இயல்பாகப் புணர்கிறது, ஓசையும் நன்று. ஆயிரம் ஆண்டு வழக்கு பின்னால் நிற்கிறது.

மதுரையிலிருந்து:

ஐயாவின் கல்வெட்டுச் சான்றுக்கு நன்றி. ஆனால் "பாடாணம்" என்றாலே இன்று நஞ்சு என்றுதான் நினைப்பார்கள், அதை விட்டுவிடுவோம்.

"கனிமம்" எனக்கு உடன்பாடில்லை. இரண்டு காரணம். கனி என்று சுரங்கத்தைக் குறிப்பது வடசொல். அது போகட்டும், பொருளும் சரியில்லை. நீங்கள் எழுதுவது புவியியல் மாணவர்களுக்கு. முதல் இயலிலேயே கனிமம் என்றால் படிக அமைப்புள்ள, உயிரிசாராத திண்மம் என்று வரையறை கொடுத்திருப்பீர்கள். எண்ணெய் நீர்மம், உயிரினங்களின் எச்சத்திலிருந்து வந்தது. கடைசி இயலில் அதையே கனிமம் என்றால் மாணவன் கேட்க மாட்டானா?

"அகழுரிமை" என்று வையுங்கள். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். அகழி, அகழ்வு, அகழாய்வு என்று குடும்பமே இருக்கிறது, கீழடிக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வேர். கன்னடத்திலும் அகழ் உண்டு. அகழ், அகம், அகடு மூன்றுக்கும் உள்ளே என்ற ஒரே கருத்துதான் அடி என்பது என் துணிபு. அகடு வயிறு. நிலத்தின் வயிற்றுக்குள் இருப்பதை எடுப்பது அகழ்தல்.

நாகப்பட்டினத்திலிருந்து:

ஐயா, அகடு வரைக்கும் போய்விட்டோம், இயலுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

நான் கல்லூரியில் பாடம் எடுப்பவள். என் மாணவர்கள் பாதிப் பேர் ஓ.என்.ஜி.சி. கிணற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த இயலை நடத்தினால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது: "அங்கே விவசாயிக்கு ராயல்டி வருகிறது, நமக்கு ஏன் வரவில்லை?" இங்கே பெட்ரோலியத்துக்கு 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் இருக்கின்றன, குத்தகை கொடுப்பது அரசு, ராயல்டியும் அரசுக்கு. நிலத்துக்காரருக்கு மேற்பரப்பைப் பயன்படுத்துவதற்கான தொகைதான். 2013 இல் கேரளத்து மலபார் பகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி எடுத்துக்கொள்ளப்படாத வரை அடிமண் உரிமை நிலத்தைச் சேர்ந்ததே என்று சொன்னது. ஆனால் அது குவாரி வழக்கு, பெட்ரோலிய வழக்கு இல்லை. ஆகவே சொல்லைப் பார்த்தவுடன் "இது ஒருவரிடம் சொத்தாக இருப்பது" என்று தெரிய வேண்டும். அகழுரிமை என்றால் தோண்டும் அனுமதி என்றுதான் என் மாணவன் எழுதுவான். கீழ்நோக்குரிமை என்றால் என்ன எழுதுவான் என்றே தெரியவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

மிட்லண்டிலிருந்து:

டீச்சர் சொல்வது சரி. தோண்டுவது உரிமைக்காரர் இல்லை, கம்பெனி. மொட்டைமாடி வீட்டில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி எதையும் அகழ்வதில்லை.

இடையில் ஒருவர் எனக்குத் தனிமடலில் "நிலத்தடி உரிமை" என்று எழுதியிருந்தார். அதுவும் வேண்டாம். நிலத்தடி என்றால் தண்ணீர் ஞாபகம் வரும், ஆனால் டெக்சஸில் நிலத்தடி நீர் மேற்பரப்புக்காரருக்குச் சேர்ந்தது. தலைகீழாகிவிடும்.

டொரொன்டோவிலிருந்து:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இங்கே சட்ட ஆவணங்கள் மொழிபெயர்க்கிறனான். ஒன்று கவனியுங்கோ. அமெரிக்கச் சட்டத்தில் இது வெறும் உரிமை இல்லை. மேற்பரப்பு ஒரு தனிச் சொத்து, கனிமம் இன்னொரு தனிச் சொத்து, இரண்டுக்கும் தனித்தனி உறுதி (பத்திரம்) முடிக்கலாம். அப்ப அதற்குச் சரியான தமிழ் உடைமை. எங்கட ஊரில் காணி ஒருவருக்கு, அதில் நிற்கிற மரம் இன்னொருவருக்கு என்று இருந்தது, 1707 இல் டச்சுக்காரர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் அதற்கு இடமும் உண்டு. தமிழ்நாட்டிலும் மரப் பட்டா என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மரம் மேலே நிற்கிறது, எண்ணெய் கீழே கிடக்கிறது, மற்றபடி முறை ஒன்றுதான். மாணவருக்கு இதைச் சொன்னால் விளங்கும்.

ஆகவே மேலுடைமை, அடியுடைமை. வைத்திருக்கிறவர் அடியுடைமையாளர். "உரிமையின் உரிமையாளர்" என்ற சிக்கலும் போய்விடும்.

மதுரையிலிருந்து:

உடைமை என்பது நல்ல திருப்பம், ஏற்கிறேன். ஆனால் "அடியுடைமை" வாயில் அடிமை என்று ஒலிக்கிறது. "அடியார் உடைமை" என்று பிரிப்பவர்களும் இருப்பார்கள். கீழுடைமை?

மிட்லண்டிலிருந்து:

கீழ் என்றால் தாழ்ந்தது என்று ஆகிவிடும் ஐயா. இங்கே சட்டத்தில் கனிமம்தான் மேலோங்கிய சொத்து. குத்தகை எடுத்த கம்பெனி எண்ணெய் எடுக்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேற்பரப்பைப் பயன்படுத்தலாம், பாதை போடலாம், நிலத்துக்காரர் தடுக்க முடியாது. வீட்டு வாசலில் ரிக் வந்து நிற்கும், அந்த வீட்டுக்காரருக்கு ராயல்டியில் ஒரு பைசா இருக்காது. மேல், கீழ் என்ற இணையை எடுத்தாலே இந்த உண்மை மறைந்துவிடும். அதனால் என் ஓட்டு "கனிம உடைமை".

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. உடைமை என்பதை எடுத்துக்கொள்கிறேன், அது என் சிக்கலைத் தீர்க்கிறது. அதோடு ராயல்டிக்கும் ஒரு சொல் வேண்டும். இயலில் ஒரு கணக்கு வருகிறது: ஒரு கிணற்றுக்கு ஒதுக்கிய 1280 ஏக்கர் பிரிவில் ஒருவருக்கு 20 நிகர ஏக்கர் (அவர் பங்குக்கு மட்டும் உரியது), ராயல்டி பதினாறில் மூன்று என்றால் அவர் பங்கு 0.00292969. இந்த எட்டுத் தசம எண் அவருக்கு வரும் தாளில் அச்சாகியிருக்கும், அதைச் சரிபார்க்கத் தெரியாதவர் ஏமாறுகிறார் என்று பாடம் சொல்கிறது. "உரிமைத் தொகை" என்று எழுதினேன்.

நாகப்பட்டினத்திலிருந்து:

உரிமைத் தொகை வேண்டாம். 2023 இல் தமிழ்நாட்டு அரசு மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கிய திட்டத்தின் பெயர் அது.

தஞ்சாவூரிலிருந்து:

இதற்கு நம்மிடம் தயாராக இருக்கிறது: வாரம். விளைச்சலில் பங்கு கொடுப்பது வாரம், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுப்பது குத்தகை. மேல்வாரம் (நிலக்கிழார் பங்கு), குடிவாரம் (உழுபவர் பங்கு) என்று தஞ்சைத் தரணி முழுக்கப் பேசிய சொற்கள். எண்ணெய் ஒப்பந்தத்தில் எட்டில் ஒன்று கொடுக்கிறார்கள் என்றால் அது வாரமே. உண்மையில் அதைக் குத்தகை என்று அழைப்பதே பிழை. முன்பணம் குத்தகைத் தன்மை, ராயல்டி வாரத் தன்மை, எண்ணெய் வந்துகொண்டிருக்கும் வரை நீடிப்பது இரண்டிலும் இல்லாத தன்மை. மூன்றையும் சேர்த்து "வாரக்குத்தகை" என்று எழுதலாம்.

டொரொன்டோவிலிருந்து:

ஐயா சொல்கிறது நுட்பமான விசயம். டெக்சஸ் நீதிமன்றங்களும் இதை வெறும் குத்தகையாகப் பார்க்கிறதில்லை, எண்ணெய் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் கனிமமே கம்பெனிக்குக் கைமாறினதாகத்தான் பார்க்கிறார்கள். ஒற்றி கொஞ்சம் கிட்ட வரும், ஆனால் ஒற்றியில் கடன் இருக்க வேண்டும், இதில் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து:

வாரம் என்றால் மாணவர்களுக்கு ஏழு நாள். "எட்டில் ஒரு வாரம் கிடைக்கும்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? ராயல்டி என்றே போடுங்கள், கல் குவாரிக்காரர் முதல் பாட்டு எழுதுபவர் வரை எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மதுரையிலிருந்து:

தெரிந்த சொல்லையே எழுதுவது என்றால் இந்தக் குழுமமே தேவையில்லை. குடிவாரம் நம் நிலத்தில் பிறந்த சொல், இரண்டு தலைமுறையில் மறந்துவிட்டோம், பாடநூலில் வந்தால்தானே திரும்ப வரும். "விளைபங்கு" என்றாவது எழுதுங்கள்.

மிட்லண்டிலிருந்து:

விளைபங்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணெய் விளைவதில்லை. ரிக் பற்றி யாரும் கேட்கவில்லை, அதற்கு மட்டும் தமிழ் தேட வேண்டாம். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்கள் ரிக் என்றுதான் சொல்கிறார்கள், அவர்களை விட இந்தியாவில் அதிகமாகத் துளை போட்டவர்கள் யார்?

இன்னொன்று அக்கா, வட டக்கோட்டாவில் 20 வருடம் பயன்படுத்தாமலும் பதிவு செய்யாமலும் கிடக்கும் கனிமம் மேற்பரப்புக்காரருக்குப் போய்விட வழி இருக்கிறது. அவர் வெளியிடும் அறிவிப்பைக் கவனித்து, கனிமத்துக்காரர் உரிமைக் கோரிக்கை பதிவு செய்தால் தப்பும். இதைக் கண்டிப்பாகச் சேருங்கள். "கிடப்பு உடைமை" என்று எழுதினால் போதும், கிடப்பில் போட்டது என்று எல்லோருக்கும் புரியும்.

கோவையிலிருந்து:

கிடப்பு உடைமை சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி தம்பி. இன்று அனுப்பியது: சொத்துக்கு கனிம உடைமை, வைத்திருப்பவர் கனிம உடைமையாளர், மேலே மேற்பரப்பு உடைமை. சட்டப்படி எண்ணெயும் கனிமத்தில் சேரும் என்று மதுரை ஐயாவுக்காக ஒரு அடிக்குறிப்பு. குத்தகை அப்படியே. ராயல்டி அப்படியே, முதல் இடத்தில் மட்டும் "ராயல்டி, அதாவது விளைபங்கு". மரப் பட்டா எடுத்துக்காட்டு பெட்டிச் செய்தியாக வருகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன், ஆனால் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கல்வெட்டில் இருக்கும் இணையை விட்டுவிட்டு "மேற்பரப்பு உடைமை" என்று நீட்டுவது தேவையற்றது. மேலோங்கிய சொத்து எது என்பது சட்டத்தின் தரவரிசை, மரமும் கிணறும் நோக்கும் திசை வேறு. மிட்லண்ட் நண்பர் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். இரண்டாம் பதிப்பு வரும்போது இதைத் திரும்ப எடுப்பேன். வாரம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன், திருவாரூர் பக்கத்துச் சாசனங்கள் சில கைவசம் இருக்கின்றன.