மறு: ‘எதிர்ப்பு’ வேண்டாம், ‘மசியாமை’ சரிவருமா?

அன்பின் நண்பர்களே,

பூஞ்சையைக் கொல்லும் மருந்து பூஞ்சையிடம் பலிக்காமல் போவதற்கு (antifungal resistance) நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்குத் தஞ்சாவூர் ஐயா முன்வைத்த ‘பூஞ்சை எதிர்ப்பு மருந்து எதிர்ப்பு’ என்ற தொடரை இரண்டு தரம் வாசித்தேன். யார் யாரை எதிர்க்கிறார் என்று பிடிபடவில்லை. முதல் எதிர்ப்பு மருந்தினுடையது, இரண்டாவது பூஞ்சையினுடையது. போதாததற்கு உடலின் நோயெதிர்ப்பு வேறு. (எங்கள் பாடப்புத்தகத்தில் அது நிர்ப்பீடனம், பூஞ்சை பங்கசு. அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

போன கிழமை நிலாவெளியில் மாமாவின் வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். தாளில் பூஞ்சை நோயின் ஊதாத் திட்டுகள், வரம்பில் அதற்கு அடிக்கும் டெபுகொனசோல் மருந்துப் போத்தல். “முந்தி ஒருக்கா அடிச்சாக் காணும், இப்ப மசியுதில்லை” என்றார். மருந்துக்கு மசியாமை! இதைவிட என்ன வேண்டும்? கீரை மசியல் பகிடி விடப்போகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள்.

இதையே ‘மருந்துக்குப் பழகிப்போதல்’ என்பதும் எனக்கு ஒப்பில்லை. எந்தப் பூஞ்சையும் பழகுவதில்லை. மரபணு மாறிய சில தப்ப, மற்றவை சாகின்றன. பிறகு தப்பியவற்றின் வித்திகள்தான் காற்றில்.

சிக்கல் ‘குறுக்கு எதிர்ப்பு’ (cross-resistance) என்பதில். டெபுகொனசோலும் ஆஸ்பத்திரியில் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் வோரிகொனசோலும் அசோல் என்ற ஒரே மருந்துக் குடும்பம். பூஞ்சையின் கலமென்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரோலை ஆக்க உதவும் ஒரே நொதியத்தைத்தான் இரண்டும் முடக்குகின்றன. மனிதரின் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜிலஸ் ஃபுமிகேட்டஸ் என்ற பூஞ்சை பயிரைத் தொடாது, மக்கும் குப்பையில் கிடப்பது. அதற்கென்று யாரும் மருந்து அடிப்பதில்லை. ஆனால் நெதர்லாந்தில் அசோல் எச்சம் கலந்த பூக்கிழங்குக் கழிவுக் குவியல்களில் மசியாத வகை வளர்ந்தது. அசோலே எடுத்திராத நோயாளிகளிடமும் அதே மரபணு மாற்றம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் இது மிக ஆபத்தான நான்கில் ஒன்று.

இதில் குறுக்கே போவது எது? ஒரு மருந்துக்கு மசியாதது அதன் உடன்பிறப்புக்கும் மசியவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘உடன்மசியாமை’ என்று எழுதி வைத்தேன். மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். “உடன மசியாது, பிறகு மசியுமோ?” என்று கேட்டார்.

அதனால் அதற்கு நானே அரை வாக்குத்தான் போடுகிறேன். ‘இனமருந்து மசியாமை’ நீளம்தான், ஆனால் அவருக்கு விளங்கியது.

திருகோணமலையிலிருந்து,
உங்களில் ஒருவன்