9 மீட்டர் அடுக்கு இரண்டாகப் பிரிந்ததா, அல்லது இவை வேறு வேறா?

கேள்வி: ஜார்கண்டில் உள்ள ஜாரியா நிலக்கரி வயலின் பராகர் படிவம் (கரி அடுக்குகள் கொண்ட பாறைத் தொகுதி). முதல் ஆய்வுத் துளையில் 9 மீட்டர் நிலக்கரி, ஒரே அடுக்கு. 800 மீட்டர் தள்ளி இரண்டாவது துளையில் கீழே 4 மீட்டர் கரி, நடுவில் 6 மீட்டர் மணற்கல், மேலே 3.5 மீட்டர் கரி. தடிமனை வைத்து ஒன்று என்று சொல்லிவிடலாமா?

பதில் 1: கூட்டினால் ஏழரை வருகிறதே என்று பயப்படாதீங்க, தடிமன் சாட்சியே இல்லை. பெர்மியன் காலச் சதுப்பில் குளோசாப்டெரிஸ் மரங்கள் மக்கிச் சேர்ந்த பீட் (கரியாகும் முன் உள்ள தாவரப் படிவு), பல மீட்டர் நசுங்கித்தான் ஒரு மீட்டர் கரியாகும். மணல் அவ்வளவு நசுங்காது. அதனால் கடல் மட்டத்தை வைத்து ஒப்பிடாமல், இரண்டு துளைக்கும் பொதுவாக மேலே ஓடும் கரிய ஷேல் (களிமண் இறுகிய பாறை) ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து கீழே அளங்க.

அடுத்தது டென்சிட்டி லாக், அதாவது துளை நெடுக அடர்த்தியை அளந்த பதிவு. கரி கன செ.மீ.க்கு சுமார் 1.3 முதல் 1.6 கிராம் வரை நிற்கும், மணற்கல் 2-ஐ நன்றாகத் தாண்டும். 9 மீட்டருக்குள், அடியிலிருந்து 4 மீட்டர் வாக்கில் மெல்லிய களிப்பட்டை இருக்கிறதா பாருங்க. பிளவு பெரும்பாலும் அப்படி விரலளவு பட்டையாகத்தான் தொடங்கும். பிறகு இரண்டு துளையிலும் 50 செ.மீ.க்கு ஒரு சாம்பல் அளவு (கரியை எரித்தால் மிஞ்சும் பங்கு) எடுத்து, அடியிலிருந்து வரிசையாகப் பொருத்துங்க. குறைகிற ஒன்றரை மீட்டருக்கு மணற்கல்லின் அடிப்பகுதியைக் கோரில் (துளையிலிருந்து எடுத்த பாறை உருளையில்) பாருங்க: கரியும் மணற்கல்லும் சேரும் இடம் கத்தியால் வெட்டியதுபோல இருந்து கரித்துண்டுகளும் கிடந்தால், ஆறு பீட்டை அரித்திருக்கிறது.

கேள்வி: மகரந்தம் பார்த்தால் தீராதா?

பதில் 2: தீராது. ஷூரிங்கிபொல்லெனைட்டிஸ் என்ற மகரந்த வகை மிகுந்தால் பராகர், ஸ்ட்ரியாட்டோபோடோகார்பிட்டிஸ் வகை மிகுந்தால் அதற்கு மேலே உள்ள ராணிகஞ்ச் என்று படிவத்தைச் சொல்லும்; எத்தனையாவது அடுக்கு என்று சொல்லாது. மைக்கா பெரிடோடைட் சில் (அடுக்குகளுக்கு இடையே தகடாக நுழைந்த எரிகுழம்புப் பாறை) பக்கத்தில் நுழைந்து கரியை ஜாமாவாக (வெந்துபோன கரியாக) சுட்டிருந்தால் மகரந்தமும் கருகிவிடும், ஆவிப்பொருள் (சூடாக்கினால் கரியிலிருந்து வெளியேறும் வாயுக்கள்) அளவும் விழுந்துவிடும். அந்த மாதிரியை ஒப்பீட்டில் சேர்க்காதீங்க.

இங்கிலாந்தில் கார்பனிஃபெரஸ் காலக் கரிக்கு நடுவே கோனியடைட் என்ற கடல் உயிரியின் ஓடுகள் புதைந்த கடற்பட்டைகள் வயல் விட்டு வயல் ஓடுகின்றன. நம் கோண்ட்வானா கரி (ஜாரியா போன்ற இந்திய வயல்களின் கரி) ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சேர்ந்தது, அந்த வசதி அநேகமாக இல்லை. எரிமலைச் சாம்பல் களியாக மாறிய டான்ஸ்டைன் சிக்கினால் யோகம். அதிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தை வைத்து வயதே கணிக்கலாம்.

பதில் 1: ஒன்று விட்டுப்போச்சு. ஜாரியாவில் கரி அடுக்குகளின் எண் கீழிருந்து மேலே போகும். மேலிருந்து எண்ணி வந்தால், நடுவில் ஒரு பெயர்ச்சி (பாறை பிளந்து நகர்ந்த இடம்) அடுக்கை விழுங்கியிருந்தாலும் தெரியாது, அதற்குக் கீழே எல்லா எண்ணும் ஒன்று தப்பும்.