மாப்பசை நட்சத்திரம் நுவரெலியாப் பனியில் நிற்குமா?

நானுஓயா வாசகி:
நத்தாருக்குக் கடை நட்சத்திரம் வாங்க வேண்டாம், மூங்கில் சிம்பும் ரிசுத்தாளும் ஒரு கைப்பிடி கோதுமை மாவும் இருந்தால் வீட்டிலேயே செலவில்லாமல் செய்து மாதம் முழுவதும் வாசலில் தொங்கவிடலாம் என்று பண்டாரவளை மாமா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சென்ற மார்கழியில் நானும் அப்படித்தான் செய்தேன். பத்துச் சிம்புகளை ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரங்களாக்கி, உள்மூலை ஐந்திலும் குறுக்குத்துண்டு கொடுத்து, பிள்ளைகளோடு இரண்டு இரவு உட்கார்ந்து ஒட்டினோம். மூன்றாம் நாள் காலையில் தாள் முழுவதும் பனியில் ஊறிக் கழன்றுவிட்டது. மாப்பசை இங்கே நிற்காது.

பண்டாரவளை மாமா:
பசையைக் குறை சொல்லாதீர்கள், மகள். நீங்கள் அதைக் காய்ச்சியிருக்கமாட்டீர்கள். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்து, வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் வந்தபின் இறக்க வேண்டும். எங்கள் லயத்து இஸ்தோப்பில் நாற்பது வருடம் இதே பசைதான் நின்றது.

நானுஓயா வாசகி:
காய்ச்சினேன். நீங்கள் சொன்ன பதம்வரை காய்ச்சினேன். காய்ந்த பசை மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்வதைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

ஹற்றன் ஆசிரியர்:
நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பசை சரியாக வேகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பண்டாரவளை மாமா:
கோதுமை மா 60 பாகையை ஒட்டியே கூழாகிவிடும். 94 பாகை அதற்குத் தாராளம். போன வெசாக்கின்போதும் நீங்கள் இப்படித்தான் ஓர் எண்ணைக் கொண்டுவந்து என் பேச்சை மறித்தீர்கள். நான் அதை மறக்கவில்லை. அந்த வெசாக் கூடுகளையே பாருங்கள். நுவரெலியா நகரிலும் ஈர்க்கும் தாளும் பசையும் வைத்துத்தானே கட்டுகிறார்கள்? அவை நிற்கவில்லையா?

நானுஓயா வாசகி:
வெசாக் கூடு சில நாட்களில் இறங்கிவிடும். நத்தார் நட்சத்திரமோ சனவரி 6, மூவரசர் திருநாள்வரை வெளியே தொங்க வேண்டும். நான்கு நாள் நிற்பதைக் காட்டி நான்கு வாரத்துக்கு உத்தரவாதம் தரலாமா?

பதுளைத் தையற்காரி:
நட்சத்திரத்தை விடுங்கள். பழைய பருத்திச் சேலையில் சிறு பைகள் தைத்து, தேயிலைத்தூளும் இரண்டு ஏலக்காயும் போட்டு, மீதி நூலாலேயே கட்டிக் கொடுங்கள். நான் ஒரே சேலையில் முப்பது பைகளுக்கு மேல் தைத்திருக்கிறேன்.

பண்டாரவளை மாமா:
கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போனவர்களுக்கே தேயிலைத்தூளைப் பரிசாக நீட்டுவதா? என் தாயாருக்கு யாராவது அப்படிக் கொடுத்திருந்தால் நான் வாங்க விட்டிருக்கமாட்டேன்.

பதுளைத் தையற்காரி:
என் தாயாரும் மலையில் கூடை சுமந்தவர்தான். தான் பறித்த கொழுந்தின் நல்ல தூளை ஒருநாளும் குடிக்கக் கிடைக்காதவர் என்பதனாலேயே நான் அதைத் தேடி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பையைப் பல காலம் வைத்திருந்தார். இதில் அவமானத்தைக் கண்டது நீங்கள்தான்.

ஹற்றன் ஆசிரியர்:
ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. முன்பு நட்சத்திரத்துக்குள் குண்டு பல்ப் எரிந்தது. அதன் சூடு ஒவ்வோர் இரவும் தாளையும் பசையையும் உள்ளிருந்து உலர்த்தியது. இப்போது போடும் எல்.ஈ.டி. விளக்குகளில் அந்தச் சூடு மிகக் குறைவு. மாமா சொல்லும் நாற்பது வருடத்தில் பெரும்பகுதி குண்டு பல்ப் காலமாகத்தான் இருக்கும்.

பண்டாரவளை மாமா:
பல்ப் என்ன பல்ப்? எங்கள் லயத்துக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் தொங்கியது. பசையைக் கண்ணாடிப் பதம்வரை காய்ச்சுங்கள், மெல்லியதாகப் பூசுங்கள், நிழலில் ஒரு பகல் முழுவதும் காயவிடுங்கள். அவசரப்பட்டவர்களின் நட்சத்திரம்தான் கழன்று விழும்.

நானுஓயா வாசகி:
இஸ்தோப்பில் தொங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது கூரைக்கு உள்ளே. எங்கள் வாசலில் கூரை இல்லை. இந்த முறை நைலோன் நூலால் தாளின் ஓரத்தைச் சிம்போடு சேர்த்துத் தைக்கப்போகிறேன்.

பண்டாரவளை மாமா:
தைத்தால் ஊசித் துளை வழியே தாள் கிழியும். காய்ச்சுங்கள், மகள்.

நானுஓயா வாசகி:
காய்ச்சினேன் என்று முன்பே எழுதிவிட்டேன்.