புதுப்பிப்பு: விபத்து வழக்கில் சாட்சி சொல்வது

விபத்து இழப்பீட்டு வழக்கில் நேரில் பார்த்த சாட்சியை எப்படித் தேர்வது என்று போன பதிவில் எழுதியிருந்தேன். மனுவை எங்கே போடுவது, குற்றப்பத்திரிகையில் சாட்சி பெயர் இல்லாவிட்டால் என்ன, சாட்சியிடம் என்ன கேட்பார்கள் என்று வந்த கேள்விகளுக்கு இது பதில்.

விபத்து புதுச்சேரியின் முள்ளோடையில், வீடு கடலூரில் என்றால் பாண்டிக்கு அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166(2) படி மனுதாரர் குடியிருக்கும் ஊரின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நாளிலிருந்து 6 மாதக் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குற்றப்பத்திரிகையில் சாட்சி பெயர் இல்லையே என்று பலரும் பயப்படுகிறார்கள். 2019-ல் சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: அதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ள முடியாது. இழப்பீட்டு வழக்கில் வேண்டியது கிரிமினல் வழக்கின் அளவு நிரூபணம் அல்ல, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான்.

முதல் விசாரணை, அதாவது சாட்சி தன் தரப்பைச் சொல்வது, பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவே போய்விடும். சோதனை குறுக்கு விசாரணையில்தான். "எத்தனை அடி தூரத்தில் நின்றீர்? தெருவிளக்கு எரிந்ததா? மனுதாரர் உமக்குச் சொந்தமா?" என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்பார். சொந்தம் என்றால் சொந்தம் என்றே சொல்லட்டும். மறைத்து மாட்டினால்தான் கேடு. "லாரி 80-ல் வந்தது" என்று அடித்துவிடுவதைவிட, "நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஏறியது" என்பது நிற்கும். எஃப்.ஐ.ஆரையும் பார்வை மகஜர் (போலீஸ் விபத்து இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) வரைபடத்தையும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி வந்த திசை முரண்பட்டால் சாட்சியமே ஆட்டம் கண்டுவிடும்.

டாக்டர் சாட்சியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். காலுக்கு 45 சதவீத ஊனம் என்பது முழு உடலுக்கு 45 ஆகாது. அந்த ஊனம் மனுதாரரின் தொழிலை எவ்வளவு முடக்கியது என்பதுதான் இழப்பீட்டுக்குக் கணக்கு (ராஜ்குமார் வழக்கு, 2011).