ரீமேப் செய்த போலோவை எங்கே சர்வீஸ் விடுவது?

அல்சூர் கார்த்தி:
வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முன்னாடி வச்சிருந்தவர் ஸ்டேஜ் 1 ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை மாத்தி பவரை ஏத்தறது) பண்ணி, வண்டி உயரத்தைக் குறைக்கிற லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டிருக்கார். மேப், அதாவது அந்த சாஃப்ட்வேர் ஃபைல், யார் எழுதினதுன்னு ஒரு பேப்பர் கூட இல்ல. டீலர் சர்வீஸ்ல கேட்டா "ஸ்டாக்குக்கு, கம்பெனியில இருந்து வந்தபடியே, மாத்திட்டு வாங்க"ங்கறாங்க. வெளி கேரேஜ்ல கேட்டா "டீலர் பக்கமே போகாதீங்க"ங்கறாங்க. தினமும் பெங்களூருக்குள்ள மாரத்தஹள்ளிக்கு ஆபீஸ், மாசம் ஒரு தடவை சேலம். எங்க விடறது, என்னென்ன பார்க்கச் சொல்றது?

பீன்யா முருகேசன்:
தம்பி, ஸ்டாக்குக்குத் திரும்புங்கள். அந்த இஞ்சினுக்கு ஃபேக்டரி கொடுத்த டார்க் (சுழற்றும் விசை) 175 நியூட்டன் மீட்டர். உங்கள் டிஎஸ்ஜி, அதாவது டிக்யூ200 கியர்பாக்ஸ், தாங்கும் எல்லை 250. ரீமேப்பில் 230, 240 வரை ஏற்றிவிடுகிறார்கள். எல்லைக்குள்தானே இருக்கிறது என்பார்கள். ஆனால் அது ட்ரை கிளட்ச். சூட்டை வாங்கிக்கொள்ள அதைச் சுற்றி எண்ணெய் கிடையாது. சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தபடியே வழுக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டோடு மேம்பாலம் ஏறிக் காலை அழுத்தினால் கூடுதல் டார்க் முழுவதும் அதே தட்டுகளின் தலையில்தான் விழும்.

பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு. அதே பூஸ்ட்டுக்கு (இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) டர்போ இங்கே இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், உள்ளே போகும் காற்றும் அதிகமாகச் சூடாகும். எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்கள் என்றே தெரியாத மேப்பை நம்பி இதில் ஓட்டலாமா?

கம்மனஹள்ளி ராஜா:
முருகேசன் சார், டிக்யூ200 ஸ்டாக் வண்டியிலயும் தொல்லை கொடுத்த கியர்பாக்ஸ்தான். 2013-ல உலகம் முழுக்க 16 லட்சம் வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டு, சிந்தெடிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்தினாங்க. அதுக்கு ரீமேப்பா காரணம்?

கார்த்தி, மாடிஃபை பண்ண வண்டிக்கு ஷோரூம் செக்லிஸ்ட் பத்தாது. அந்த லிஸ்ட்ல ஆயில் மாத்தறது 15,000 கிலோமீட்டருக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை. அது ஸ்டாக் வண்டிக்குப் போட்ட கணக்கு. நீங்க 7,500-லயே மாத்துங்க. டப்பாவுல ஏபிஐ எஸ்பிங்கற தரக்குறி இருக்கான்னு பாருங்க, ஃபோக்ஸ்வாகன் சொல்ற ஸ்பெக்கும் இருக்கணும். கம்மி ஆர்பிஎம்ல டர்போ இஞ்சின் நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கிற பிரச்சினைக்குன்னே சோதிச்ச ஆயில் அது. டைரக்ட் இஞ்செக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகும், வால்வைக் கழுவாது, அதனால இன்டேக் வால்வுல கரி படியும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பிளக் ஒரு படி கோல்டா, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்தறதா, போடறவங்க உண்டு, பொறி பாயற கேப்பையும் குறைப்பாங்க. இதெல்லாம் ட்யூனிங் தெரிஞ்சவன் கையிலதான் நடக்கும். டீலர்கிட்ட விட்டா சாஃப்ட்வேர் அப்டேட்னு உங்க மேப்பையே அழிச்சிடுவாங்க.

பீன்யா முருகேசன்:
அழிந்தால் நல்லதுதான்.

ராஜா, நீங்கள் சொன்ன பராமரிப்பு எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேப் யாருடையது? எழுதியவர்கள் பெரும்பாலும் ஃபைலைப் பூட்டித்தான் கொடுக்கிறார்கள். பூட்டிய ஃபைலை வேறு கேரேஜ் திறந்து பார்க்க முடியாது. எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), டார்க் லிமிட்டை எங்கே நிறுத்தினார், எதுவும் தெரியாது. எழுதியவர் கடையை மூடிவிட்டால் இந்த வண்டியைப் பற்றிப் பதில் சொல்ல ஆளே கிடையாது. என் பட்டறையில் டிராயிங் இல்லாமல் ஒரு பீஸ் வந்தால் லேத்தில் ஏற்றவே மாட்டேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. முன்னால் வைத்திருந்தவர் செய்தது என்று சொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள், இன்று ஆர்.சி. உங்கள் பெயரில்.

ஃப்ரேசர் டவுன் ஸ்டெல்லா:
மோட்டார் கிளெய்ம் சர்வே செய்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். கார்த்தி, முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். உயரம் குறைந்த வண்டி பார்த்ததும் தெரியும். பாலிசி எடுக்கும்போது அறிவிக்காத மாற்றம் என்று எழுதினால் கிளெய்ம் இழுத்தடிக்கும், நிராகரிக்கப்படவும் செய்யும். ரீமேப்பையும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் ஏற்க மறுத்தால், அந்த மாற்றத்தோடு ஓட்டலாமா என்பதற்கு அதுவே பதில்.

கம்மனஹள்ளி ராஜா:
ஸ்பிரிங் விஷயத்துல ஸ்டெல்லா மேடம் சொல்றதுதான் என் கருத்தும். நம்ம ஏரியா ஹம்ப்புக்கு லோயரிங் ஆகாது. ஸ்டாக் ஷாக் அப்சார்பர்ல குட்டை ஸ்பிரிங் போட்டா, அடிக்கடி பம்ப் ஸ்டாப் ரப்பர்ல போய் இடிக்கும், டயர் உள்பக்கம் தேயும். அலைன்மென்ட் எத்தனை தடவை பண்ணாலும் கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) முழுசா திரும்பாது.

ரீமேப்புக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். பூட்டின ஃபைலா இருந்தா என்ன? ஃபைலைப் படிக்க முடியலைன்னாலும் இஞ்சின் என்ன பண்ணுதுன்னு லாக்ல (ஓடும்போது சென்சார் காட்டறதோட பதிவு) தெரியும். ஒவ்வொரு சிலிண்டர்லயும் டைமிங் எவ்வளவு பின்வாங்குது, கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைச்சது எவ்வளவு, உள்ள போற காத்தோட சூடு, ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு). நாலையும் பார்த்தா மேப் ஒழுங்கா இல்லையான்னு சொல்லிடலாம். கேரேஜுக்குப் போனதும் மொதல் கேள்வி "லாக் எடுத்துக் கையில கொடுப்பீங்களா?"ன்னு இருக்கட்டும். மாட்டேன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க. முருகேசன் சார் பயப்படற கேரேஜ் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலயே கழிஞ்சிடும்.

பீன்யா முருகேசன்:
லாக் எடுப்பதை வரவேற்கிறேன். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளை மேல் ஓட்டிப் பார்க்கும் மெஷின்) ஏற்றி எடுக்கட்டும், ஓசூர் ரோட்டில் முழு திராட்டில் வேண்டாம். டிரிம்மைக் கவனித்துப் பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இஞ்சின் கூடுதல் எரிபொருள் கேட்கும். ரீமேப் ஏற்கெனவே இஞ்செக்டரை அதன் எல்லைக்குத் தள்ளியிருந்தால் மேலே கொடுக்க இடம் இருக்காது.

கம்மனஹள்ளி ராஜா:
எத்தனால் சேர்ந்ததுல ஆக்டேனும் 95 ஆயிருக்கே சார். நாக்கிங்குக்கு (பெட்ரோல் தானா பத்திக்கிட்டு இஞ்சின் தட்டறது) அது நல்லதுதான்.

பீன்யா முருகேசன்:
நாக்கிங்குக்கு நல்லது. எரிபொருள் போதாமல் போனால் ஆக்டேன் காப்பாற்றாது.

அல்சூர் கார்த்தி:
எல்லாருக்கும் நன்றி. லாக் கொடுக்கறேன்னு சொன்ன ஒரு கேரேஜ்ல டைனோவில ஏத்தியாச்சு. ஃப்யூயல் டிரிம் 7 சதவீதம் பிளஸ்ல நிக்குது. கேட்ட பூஸ்ட் கிடைக்குது. மூணாவது சிலிண்டர்ல மட்டும் டைமிங் 6 டிகிரி பின்வாங்குது, மத்த மூணும் 2-க்குள்ள. பிளக் எப்ப மாத்தினதுன்னே தெரியல. ஸ்பிரிங் கழட்டியாச்சு, ஸ்டாக் செட் ஜே.சி. ரோடுல கிடைச்சுது.

கம்மனஹள்ளி ராஜா:
ஒரே சிலிண்டர்னா மேப்பைக் குறை சொல்ல முடியாது. மேப் மோசமா இருந்தா நாலும் சேர்ந்து பின்வாங்கும். பிளக், அதுக்கு கரண்ட் கொடுக்கற காயில், இல்லைன்னா அந்த வால்வுல கரி. பிளக் நாலையும் மாத்துங்க, மூணாவது காயிலை ஒண்ணாவதுக்கு மாத்திப் போட்டுப் பாருங்க.

பீன்யா முருகேசன்:
ஒரு சிலிண்டர் நலிந்திருக்கும் இஞ்சினில் கூடுதல் பூஸ்ட்டோடு ஓட்டக் கூடாது என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்வது. காரணம் தெரியும் வரை ஸ்டாக் ஃபைலை ஏற்றுங்கள். பிளக்கோடு சேர்த்து கம்ப்ரெஷனும் (சிலிண்டர் அழுத்தம்) லீக் டவுனும் (காற்று எவ்வளவு கசிகிறது) பார்த்துவிடுங்கள். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் குறைந்தால் பிஸ்டன் ரிங், வால்வு என்று வேறு வேலை.

அல்சூர் கார்த்தி:
ஸ்டாக் ஃபைல் சனிக்கிழமை ஏத்தறாங்க. இப்ப இருக்கற ஃபைலை முழுசா படிக்க முடியல சார், நீங்க சொன்ன மாதிரி பூட்டியிருக்கு. பிளக்கும் கம்ப்ரெஷனும் அன்னிக்கே.

பீன்யா முருகேசன்:
நல்லது. நாலு சிலிண்டர் ரீடிங்கையும் இங்கே போடுங்கள். கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள், கலந்துவிட வேண்டாம்.