முன் இறக்கையை இரண்டு முறை மாற்றினேன், பிரச்சினை வாலில் இருந்தது

82 கிலோ. ராமேஸ்வரம். விங் ஃபாயில். (புதியவர்களுக்கு: போர்டின் அடியில் மாஸ்ட் என்ற கம்பம், அதன் நுனியில் தண்ணீருக்குள் பெரிய முன் இறக்கையும், பின்னால் வால் என்ற சின்ன இறக்கையும். வேகம் வந்ததும் அது போர்டையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். காற்றைப் பிடிக்கக் கையில் ஒரு விங்.)

முதலில் ஒரு வேண்டுகோள். அனுபவம் எழுதுகிறவர்கள் உங்கள் எடையையும் ஊரையும் மேலே போட்டுவிட்டு எழுதுங்கள். "எனக்கு 1200 அருமை" என்று யாராவது எழுதுவார் (1200 என்பது முன் இறக்கையின் பரப்பு, சதுர செ.மீ.). அவர் 60 கிலோவா 100 கிலோவா என்றே தெரியாது. நாம் வாங்கி வைத்துக்கொண்டு முழிப்போம். நான் முழித்தவன்.

இன்னொன்று, நம்மிடம் எல்லாமே 'விங்'. கையில் பிடிக்கும் காற்றடைத்ததும் விங், தண்ணீருக்குள் போவதும் விங். குழப்பம் வேண்டாம், கையில் இருப்பதை விங் என்றும், தண்ணீருக்குள் இருப்பதை இறக்கை என்றும் எழுதுகிறேன்.

நான் ஆரம்பித்தது ஒரு பழைய செட்டில். 1800 சதுர செ.மீ. இறக்கை, 75 செ.மீ. மாஸ்ட். தென்மேற்குக் காற்று தீவைத் தாண்டி வருவதால் மே, ஜூனில் பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் தட்டில் ஊற்றியது போல் இருக்கும். ஊரில் அதைப் பெண் கடல் என்று சொல்வது சும்மா இல்லை. (ஆனால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். ஏதாவது உடைந்தால் அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். படகுக்கு ஆள் சொல்லி வைக்காமல் இறங்காதீர்கள்.) நெஞ்சளவு ஆழம் வரும்வரை போர்டைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் பெரிய வேலை. மற்றபடி 1800 டவுன் பஸ் மாதிரி, மெதுவாகப் போனாலும் நிற்காது, விழவும் விடாது.

அப்புறம் ஆசை வந்தது. வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை. ஏறினாலும், முன்காலில் மொத்த எடையையும் போட்டு அமுக்கியும் போர்டு மேலே மேலே போனது. இறக்கைதான் பெரிது என்று முடிவு கட்டி, நீளமாக ஒல்லியாக இருக்கும் 900 ஒன்றை வாங்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கி.மீ.) காற்று, கையில் 5 சதுர மீட்டர் விங், எழும்பவே இல்லை. பக்கத்தில் என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் பறந்துகொண்டிருந்தான். கணக்கை முதலிலேயே போட்டிருக்கலாம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பைப் பாதியாக்கினால் எழும்பத் தேவையான வேகம் ஏறக்குறைய 1.4 மடங்கு. 1800 மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் எழும்பினால் 900க்கு 17 வேண்டும். அந்தக் காற்றில் என் எடையை வைத்துக்கொண்டு, தண்ணீரில் உரசிப் போகும் போர்டில், அந்த 17 வரவே வராது.

அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு 1250க்கு வந்தேன். எழும்புவது சரியாகிவிட்டது. ஆனால் பழைய புகார் அப்படியே இருந்தது. வேகம் கூடினால் முன்கால் தொடை எரியும். கரையில் ஒருவர்தான் கேட்டார், "வாலைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. பழைய 1800 செட்டோடு வந்த வால், 300க்கு மேல் பரப்பு, இரண்டு வருஷமாக அதைக் கழற்றியதே இல்லை.

வால் நம்மைத் தூக்குகிறது என்றே நினைத்திருந்தேன். தூக்குவதில்லை, பெரும்பாலும் கீழே அமுக்குகிறது. முன் இறக்கை குப்புற விழாமல் அதுதான் பின்னாலிருந்து பிடித்து வைக்கிறது. வேகம் கூடக்கூட அந்த அமுக்கமும் கூடும், மூக்கு நிமிரும், அதை அடக்கத்தான் என் தொடை எரிந்தது. 210 வாலை மாட்டிய அன்று ஏதோ புது இறக்கை வாங்கியது போல் இருந்தது. இந்த வாலை முதலிலேயே மாற்றியிருந்தால் அந்த 900க்குக் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

*

64 கிலோ. கோவளம். அலையில் மட்டும், விங் கிடையாது.

அண்ணா, என் கதை கொஞ்சம் வேறு. உங்களுக்குக் காற்று வேகம் கொடுக்க வேண்டும், எனக்கு அலையே கொடுத்துவிடும். இடுப்பளவு அலையில் 1500 வைத்து ஓட்டியபோது சொர்க்கம். ஒரு அலை முடிந்ததும் காலால் போர்டை அமுக்கி அமுக்கிப் பம்ப் செய்து அடுத்த அலைக்குத் திரும்பிப் போகலாம், கையால் துழாவவே வேண்டாம்.

வடகிழக்குப் பருவத்தில் அலை தலையளவு வந்த ஒரு காலை, அதே 1500ஐ எடுத்துக்கொண்டு போனேன். பெரிய அலை வேகமாக ஓடும். இறக்கை தூக்கிக்கொண்டே போய் மேற்பரப்பைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. வெளியே வந்தால் காற்றை உறிஞ்சும், தூக்குவிசை சட்டென்று போய்விடும். போர்டு கீழே, நான் மேலே, பிறகு நான் கீழே. முழங்காலுக்குக் கீழே ஐந்து தையல். தைத்த டாக்டர் "எந்த மீன்?" என்று கேட்டார்.

இப்போது பெரிய அலைக்கு 1000, சின்ன அலைக்கு 1500. வால் 150, ஃபியூஸ்லாஜும் (முன் இறக்கையையும் வாலையும் இணைக்கும் தண்டு) குட்டை. திரும்பும்போது நினைத்த பக்கம் நினைத்தவுடன் போகும். ஆனால் காலை ஒரு அங்குலம் தப்பாக வைத்தாலும் மூக்கு மேலும் கீழும் ஆடும், பம்ப் செய்தால் சீக்கிரம் மூச்சு வாங்கும். முதல் வருஷத்தில் இந்த வாலைக் கொடுத்திருந்தால் ஃபாயிலையே விட்டிருப்பேன். ஆள் நெருக்கமாக அலை பிடிக்கும் இடத்துக்கு ஃபாயிலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அடியில் இருப்பது கத்தி.

*

53 கிலோ. தூத்துக்குடி. விங்.

எடையை முதலில் போடச் சொன்னதற்கு ஒரு கும்பிடு. "பெரிய இறக்கைதான் கத்துக்கிறதுக்கு ஈஸி" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த 'எல்லாரும்' 80 கிலோ ஆண்கள். எனக்குக் கொடுத்தது 1700. எழும்புவது ஈஸிதான், இறங்குவதுதான் தெரியவில்லை. ஒரு வீச்சுக் காற்று வந்தால் லிஃப்டில் ஏறியது போல் நேராக மேலே, பிறகு தொபுக்கென்று தண்ணீரில். தப்பு என் காலில்தான் என்று நினைத்து ஒரு மாதம் அழாத குறை.

என் எடைக்கு 1700 என்றால் 82 கிலோ அண்ணாவுக்கு 2600 கொடுத்த மாதிரி. (கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன், ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர செ.மீ. என்று.) 1100 மாட்டினேன், மாஸ்டைப் போர்டின் அடியில் இருக்கும் டிராக்கில் ஒரு விரற்கடை பின்னால் தள்ளினேன், அன்றைக்கே கடற்கரை ஓரமாக நீளமாக ஓட்டினேன். முன்காலில் பாரம் அதிகம் என்றால் மாஸ்ட் பின்னால், பின்காலில் அதிகம் என்றால் முன்னால். இதற்குக் காசு கிடையாது, ஆலன் கீ போதும். இறக்கை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

*

95 கிலோ. கற்பிட்டி, இலங்கை.

இங்கே கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் 20 நாட் வேகத்துக்கு மேல் அடிக்கும், அதனால் என் எடைக்கும் 1300 போதும். என் பிரச்சினை களப்பில் (கடலோர உப்பு நீர்ப்பரப்பில்) இருக்கும் சாதாளை, அதாவது கடற்புல். நீளமான ஒல்லி இறக்கையில் ஒரு கொத்துச் சிக்கினால், ஆரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். இறக்கையில் சிக்கியது சில நேரம் தானாக விடுபடும். வாலில் சிக்கியது விடாது, அதோடு போர்டும் ஒரு மாதிரி மூக்கைத் தூக்கித் தூக்கி ஓடும். நான் ஒரு பின்னேரம் முழுக்க வாலின் கோணம் பிழை என்று கதைத்துக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்து பார்த்தால் ஒரு முழத்துக்குப் புல்.

இன்னொன்று கேட்க வேண்டும். வாலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய துண்டு) வைத்து ஆராவது கோணம் மாற்றினீர்களா? என் செட்டுக்கு ஷிம் தனியாகக் கிடைக்கவில்லை.

*

82 கிலோ, மறுபடி நான்.

அண்ணே, ஷிம் கிடைக்காவிட்டால் பழைய ஏடிஎம் கார்டு இருக்கிறதா? தடிமன் 0.76 மி.மீ. உங்கள் வாலின் இரண்டு ஸ்க்ரூவுக்கும் இடையே 4 செ.மீ. என்றால், ஒரு பக்கம் மட்டும் ஒரு துண்டு வைத்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி. அரை டிகிரிக்கு மெல்லிய பிளாஸ்டிக் வெட்டிக்கொள்ளலாம், அரை டிகிரியே நன்றாகத் தெரியும். வாலின் முன்விளிம்பு எவ்வளவு கீழே பார்க்கிறதோ அவ்வளவு அமுக்கம். மெதுவான வேகத்தில் எழும்ப அது உதவும், நிதானமும் கூடும், வேகத்தில் இழுக்கும். 210 வாலை மாட்டிய பிறகு காற்றுக் குறைந்த நாட்களில் எழும்பத் திணறினேன். இன்னொரு வால் வாங்குவதற்குப் பதில் கார்டுத் துண்டு.

ஆனால் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நான் ஒரு நாளை வீணாக்கினேன். அமுக்கத்தைக் கூட்ட, ஃபியூஸ்லாஜுக்கு மேலே உட்காரும் வால் என்றால் பின் ஸ்க்ரூ பக்கம் வைக்க வேண்டும், அடியில் தொங்கும் வால் என்றால் முன் ஸ்க்ரூ பக்கம். நான் தலைகீழாக வைத்துவிட்டு, போர்டு மூக்கால் மண்ணைத் தோண்டுகிறது என்று காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் போடாமல் மாட்டாதீர்கள். அலுமினியமும் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். என் பழைய 300 வால் இரண்டு வருஷம் கழறாமல் இருந்ததற்கு என் சோம்பல் பாதிக் காரணம், மீதி அந்தத் துரு. தூத்துக்குடித் தங்கச்சி, அந்த 1700 இறக்கை சும்மா கிடந்தால் விலை சொல்லுங்கள். என் மச்சான் 98 கிலோ, வருகிற மே மாதம் ஆரம்பிக்கப்போகிறான்.